இப்போது என்ன கேட்கிறீர்கள்? வீட்டில் மாதம் ஒரு பாட்டுக் கூடல் நடத்த முழுமையான வழிகாட்டி

மாதம் ஒரு ஞாயிறு மாலை எட்டுப் பேர் என் வீட்டு ஹாலில் உட்காருகிறோம். அந்த வாரம் தான் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பாட்டை ஒவ்வொருவரும் போடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து கேட்கிறோம், அப்புறம் பேசுகிறோம். சென்னை மேற்கு மாம்பலத்தில் இது நாலாவது வருடமாக நடக்கிறது.

எங்கள் கூடலைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டில் தொடங்கிய சிலர் இரண்டு மூன்று மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பாட்டுகளில் ஒரு குறையும் இல்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான் சறுக்கினார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: இரண்டு ஸ்பீக்கர் உள்ள ஒரு செட், போனை அதோடு இணைக்கும் ஆக்ஸ் கேபிள், பாட்டு போடுவதற்கென்று ஒரு போன், ஒரு ஜமுக்காளம், ஒரு நோட்டுப் புத்தகம்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஆட்களைக் கேட்டு நாள் வைத்தால் நாளே அமையாது. ‘இரண்டாம் ஞாயிறு, மாலை நாலரை’ என்று நீங்களே வைத்துவிடுங்கள். வர முடிந்தவர்கள் வரட்டும். தேதி மாறாமல் இருந்தால்தான் அடுத்த மாதத்துக்கு என்ன கொண்டுபோகலாம் என்ற நினைப்பு ஆட்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

மாலை நாலரைக்குத் தொடங்கினால் ஆறே முக்காலுக்கு முடிந்துவிடும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாத நேரம் அது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. வெளியே போகும் சத்தத்துக்கான கணக்கு அது என்றாலும், அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கீழ் வீட்டு மாமியிடம் முதல் மாதமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் கீழ் வீட்டு மாமி இப்போது மாதாமாதம் வந்து உட்காருகிறார்.

மார்கழியில் வைக்க வேண்டாம். பாதிப் பேர் சபாக்களில் இருப்பார்கள். தை மாதக் கூடலோ ஆண்டிலேயே செழிப்பானது. எல்லோரும் காது நிறையக் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் சபாவில் உட்கார்ந்த இடத்திலிருந்து போனில் பதிவு செய்ததைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாடுபவரின் அனுமதி இல்லாமல் எடுத்தது என்பது ஒரு பக்கம். முன் வரிசையில் இருமுவதுதான் அதில் பெரிதாகக் கேட்கும் என்பது இன்னொரு பக்கம்.

2. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்

கணக்கு எளிது. பாட்டுக்கு ஆறு நிமிடம், அதற்கு முன் ஒரு நிமிட அறிமுகம், அப்புறம் ஏழெட்டு நிமிடப் பேச்சு. ஆக, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரம், நடுவில் காபிக்கு ஒரு கால் மணி. பத்துப் பேர் ஆனால் கடைசி இரண்டு பேரின் பாட்டு ஓடும்போது மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். கடைசியில் போடுபவர்கள் பெரும்பாலும் கூச்ச சுபாவக்காரர்கள்தான். அவர்கள் அடுத்த மாதம் வர மாட்டார்கள்.

எல்லோரும் கர்நாடக இசை, எல்லோரும் திரை இசை என்று ஒரே வகை ஆட்களாகச் சேர்க்காதீர்கள். எட்டுப் பேரில் மூன்று வகைக் காதாவது இருக்கட்டும்.

3. ‘பிடித்த பாட்டு’ என்று கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

‘உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டைக் கொண்டுவாருங்கள்’ என்று அழைத்தால் கூடல் அன்றைக்கே கெட்டுவிடும். பிடித்த பாட்டு தனியாக வராது. அப்பாவின் சைக்கிள், காலேஜ் பஸ், பிரிந்து போனவர் என்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். அதைக் கேட்டுவிட்டு ஒருவர் ‘நடுவில் கொஞ்சம் நீளமாகப் பட்டது’ என்று சொன்னால், கொண்டுவந்தவருக்கு முகம் வாடிவிடும். அப்புறம் அவர் அந்தப் பாட்டுக்கு வக்கீலாகிவிடுவார். கேட்பது நின்று வாதம் தொடங்கிவிடும்.

இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு அப்படி இல்லை. அதைப் பற்றி இன்னும் முடிவுக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஏன் திரும்பத் திரும்ப அங்கே போகிறோம் என்று உங்களுக்கே தெரியாது. அதனால் அடுத்தவர் சொல்வது உங்களுக்குத் தேவைப்படும். கூடலே அந்தத் தேவைக்காகத்தான்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் சோதனை இரண்டு. ஒன்று, கடந்த பத்து நாளில் குறைந்தது மூன்று முறையாவது அதைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு, அதில் உங்களுக்கு இன்னும் பிடிபடாத ஓர் இடம் இருக்க வேண்டும். பாட்டு பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிடிக்காமலே திரும்பப் போய்க் கேட்கும் பாட்டுகள்தான் பல நாள் நல்ல பேச்சுக்கு வழி செய்திருக்கின்றன.

நினைவை நம்ப வேண்டாம், போனில் ஹிஸ்டரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘நான் இப்போது வீணைதான் கேட்கிறேன்’ என்று நம்பிக்கொண்டிருப்பவரின் பட்டியலில் ஒரே கானாப் பாட்டு பதினேழு முறை ஓடியிருக்கும். அந்தக் கானாவைத்தான் கொண்டுவர வேண்டும்.

கௌரவத்துக்காகப் பாட்டு மாற்றுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. அதைத் தடுக்க ஒரே வழி, முதல் மாதம் வீட்டுக்காரர் தன் கௌரவத்தை விடுவது. நான் முதல் கூடலில் பேரனைத் தூங்க வைக்கக் கேட்டுக்கொண்டிருந்த தாலாட்டைப் போட்டேன். இரண்டாம் கூடலில், தாம்பரத்திலிருந்து பீச் வரை தினமும் ரயிலில் போகிற ஒரு வங்கி ஊழியர் ஒரு தில்லானாவைக் கொண்டுவந்தார். பரங்கிமலை தாண்டும்போது போட்டால் எக்மோர் வருவதற்குள் மூன்று தடவை கேட்டுவிடலாம் என்றார். அப்படி ஒருவர் மனம் திறந்து சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் துணிவு வந்துவிடும்.

4. வியாழக்கிழமைக்குள் பட்டியலை வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் பாட்டின் பெயர் மட்டும் அனுப்பினால் ஏற்காதீர்கள். லிங்க் வேண்டும். ஒரே கீர்த்தனையை ஐம்பது பேர் பாடியிருப்பார்கள். ஒரே பாடகரும் அதே கீர்த்தனையை வெவ்வேறு கச்சேரிகளில் வேறு வேறு விதமாகப் பாடியிருப்பார். உங்கள் நண்பர் கேட்டுக்கொண்டிருப்பது அதில் ஒன்றைத்தான்.

திரைப்பாட்டிலும் இதே சிக்கல் உண்டு. எதிரொலி சேர்த்தது, வேகத்தைக் குறைத்தது, படத்தில் வெட்டிய வடிவம் என்று ஒரே தலைப்பில் பல கிடக்கும். பழைய கச்சேரிப் பதிவுகளில் டேப் ஓடிய வேகம் மாறி, சுருதி ஏறியோ இறங்கியோ போயிருக்கும். இரண்டு பதிவுகள் கிடைத்தால் இரண்டையும் கேட்டுவிட்டு, குரல் இயல்பாக இருப்பதை எடுங்கள்.

சனிக்கிழமையே எல்லாவற்றையும் ஒரே போனில் டவுன்லோடு செய்துவிடுங்கள். பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் எல்லோரும் மூழ்கியிருக்கும்போது நடுவில் விளம்பரம் வந்தால் அந்தப் பாட்டை மீட்கவே முடியாது. திரும்பப் போட்டாலும் முதல் முறை கேட்ட நிலை வராது. எட்டுப் பேரும் மாறி மாறி அவரவர் போனைச் செருகினால் ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் வீணாகும்.

5. நீளமான உருப்படியை எங்கே வெட்டுவது

கச்சேரியின் நீளமான உருப்படியான ராகம் தானம் பல்லவி ஆறு நிமிடத்தில் அடங்காது. அதற்காகக் கர்நாடக இசை கேட்பவர்கள் எல்லாம் சின்னச் சின்ன துக்கடாவாகவே கொண்டுவர வேண்டியதில்லை. வெட்டலாம், ஆனால் முறையாக வெட்ட வேண்டும்.

தொடக்கத்திலிருந்து ஆறு நிமிடம் ஓட்டி நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ராகம் அப்போதுதான் விரியத் தொடங்கியிருக்கும். கொண்டுவந்தவரின் காது எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலா, ஸ்வரமா, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கடைசிக் கோர்வையா? அந்த இடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் தொடங்குங்கள். நிரவல் என்றால் அந்த வரியை ஒருமுறையாவது நேராகப் பாடிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். மூல வரி காதில் விழாமல் நிரவல் புரியாது. நிறுத்துவதை ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். சட்டென்று வெட்டாமல் வால்யூமை மெல்லக் குறையுங்கள்.

ஆலாபனையை மட்டும் நான் வெட்டுவதில்லை. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் போல நிதானமான காலத்தில் பாடுபவர்களையும் வெட்டுவதில்லை. அந்த நிதானத்தில்தான் அவர் பாட்டே இருக்கிறது. அப்படி ஒன்று வந்தால் அந்த மாதம் கொண்டுவந்தவருக்கு இருபது நிமிடம் கொடுத்துவிட்டு, இன்னொருவரை அடுத்த மாதம் போடச் சொல்லுங்கள். கேட்டால் யாராவது விட்டுக்கொடுப்பார்கள்.

6. ஸ்பீக்கரும் ஹாலும்

போன் ஸ்பீக்கரில் கேட்க வைப்பதாக இருந்தால் கூடலே வேண்டாம். காரணம் சொல்கிறேன். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் பல இடங்களில் தனியாக ஒரு மெட்டையே வாசித்துக்கொண்டிருக்கும். போனில் அது கேட்கவே கேட்காது. மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியும் அப்படித்தான், வலப்பக்கமான வலந்தலை மட்டும் டிக்டிக் என்று வரும். பாதிப் பாட்டை மறைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பதில் நியாயமில்லை.

விலை அதிகமான செட் தேவையில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் ஆறடி இடைவெளியில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் வையுங்கள். நடுவில் உட்காருபவருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதே அளவு தூரம் இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் கீழ் ஒலி மட்டும் வீங்கிக் கேட்கும். ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரில் இடமும் வலமும் கலந்துவிடும். வயலின் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம் என்று பிரித்துப் பதிவு செய்த உழைப்பு அதில் காணாமல் போகும்.

ப்ளூடூத்தைவிட ஆக்ஸ் கேபிள் நல்லது. நடுவில் துண்டிக்காது, பக்கத்து அறைப் போன் வந்து ஒட்டிக்கொள்ளாது. போனில் ஜாக் இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குங்கள், உங்கள் போனைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் கடையிலேயே செருகிப் பாட்டு போட்டுப் பார்த்து வாங்குங்கள். எல்லாக் கன்வெர்ட்டரும் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. நான் இரண்டு வாங்கி வீணடித்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹால் எதிரொலிக்கும். ஜமுக்காளத்தை விரித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டாலே பாதி சரியாகிவிடும். சென்னையில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. மே மாதத்தில் அரை மணி நேரம் முன்னதாக ஏசி போட்டு அறையைக் குளிர வைத்துவிட்டு, பாட்டு ஓடும்போது விசிறியை இரண்டில் வையுங்கள். குக்கர், மிக்சி, தண்ணீர் மோட்டார் மூன்றும் ஆறே முக்கால் வரை வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பாட்டு போடும் போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும்.

7. எட்டுப் பாட்டின் சத்தத்தையும் சமன் செய்யுங்கள்

ஞாயிறு மதியம் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பலர் தாண்டிப் போகும் படி இது.

சற்றே சத்தமாக ஒலிக்கும் பாட்டு சற்றே நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். புதிய திரைப்பாட்டுகள் பதிவிலேயே சத்தமாக இருக்கும், பழைய பதிவுகள் தணிந்து இருக்கும். அப்படியே போட்டால் 1950களின் நாதஸ்வரம் பாவமாகத் தெரியும். கேட்பவர்களும் அதைப் ‘பழசு’ என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு பாட்டிலும் நிரம்பி ஒலிக்கும் ஓர் இடத்தைப் போட்டு, ஒரே அளவாகக் கேட்கும் வால்யூமைக் கண்டுபிடித்து, பட்டியலில் பாட்டின் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் இதைத் தானே செய்யும் அமைப்பு இருக்கிறது. இருந்தாலும் காதால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

8. வரிசை

வயதுப்படியும் வேண்டாம், வந்த வரிசைப்படியும் வேண்டாம். பாட்டின் கனத்தைப் பார்த்து அடுக்குங்கள்.

நாதஸ்வரமும் தவிலும் முடிந்த கையோடு ஒரு மெல்லிய குரலைப் போட்டால், முதல் ஒரு நிமிடம் அது காதில் ஏறவே ஏறாது. கனமான வாத்தியங்களைக் காபிக்கு முன் வையுங்கள். வார்த்தை முக்கியமான பாட்டுகள் இரண்டு அடுத்தடுத்து வர வேண்டாம், மனம் முதல் பாட்டின் வரியிலேயே நின்றுவிடும். நீளமானது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும். அப்போதுதான் எல்லோரும் அமர்ந்து நிதானத்துக்கு வந்திருப்பார்கள்.

இன்னொரு நுணுக்கம் சுருதி. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் ஒரு பெண் குரலைக் கேட்டுவிட்டு உடனே ஒரு கட்டை என்ற தாழ்ந்த சுருதியில் ஓர் ஆண் குரலுக்குப் போனால், அந்தக் குரல் முதலில் மங்கியதுபோல் படும். நடுவில் பேச்சு வருவதால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பேச்சு சுருக்கமாக முடிந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

9. முன்னுரை ஒரே நிமிடம்

பாட்டைப் பற்றி அல்ல, எங்கே காது வைக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள். ‘இரண்டாவது சரணத்தில் தபேலா நின்றுவிடுகிறது, அதைக் கவனியுங்கள்’ என்றால் போதும். யார் இசை, எந்த வருடம், எத்தனை விருது என்று அடுக்கினால், கேட்பவர்கள் அந்தப் பெயருக்கு மரியாதை செய்யத் தயாராகிவிடுவார்கள். அப்புறம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

விவரங்களைப் பாட்டு முடிந்த பிறகு சொல்லலாம். நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பை ஒருமுறை பெயர் சொல்லாமல் போட்டோம். நாதஸ்வரம் என்றாலே கல்யாண வீட்டுச் சத்தம் என்று நினைத்திருந்த ஓர் இளைஞர், ‘இவர் மூச்சு எங்கே விடுகிறார் என்றே தெரியவில்லையே’ என்றார். பெயரை முதலில் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

10. ஓடும்போது

பேச்சு இல்லை, போன் இல்லை, கூடப் பாடுவது இல்லை. தொடையில் மெல்லத் தாளம் போடலாம், அதைத் தடுத்தால் நம் ஊரில் பாதிப் பேரால் கேட்கவே முடியாது. காபி டம்ளர்கள் இடைவேளையில் மட்டும்.

முடிந்ததும் இருபது விநாடி யாரும் வாய் திறக்கக் கூடாது. முதல் சில கூடல்களில் இது கூச்சமாக இருக்கும். ஆனால் ‘சூப்பர்’ என்ற ஒரு சொல் முதலில் விழுந்துவிட்டால், மற்ற ஏழு பேரும் தாங்கள் சொல்ல நினைத்ததை விழுங்கிவிடுவார்கள்.

11. பேச்சு

முதலில் பேச வேண்டியவர் பாட்டைக் கொண்டுவந்தவர் அல்ல. மற்றவர்களில் வயதில் சிறியவரிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர் சொல்லிவிட்டால் சின்னவர்கள் தலையாட்டுவதோடு நின்றுவிடுவார்கள்.

‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்றுதான் பதில் வரும். ‘எந்த இடத்தில் காது நின்றது?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

கூடலைக் குலைப்பதில் முதலிடம் ராகம் கண்டுபிடிக்கும் போட்டிக்குத்தான். ஒருவர் ‘பூர்விகல்யாணி’ என்பார், இன்னொருவர் ‘இல்லை, பந்துவராளி’ என்பார். ராகம் தெரியாத மூன்று பேர் அந்த நிமிடமே வெளியாட்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் கூடலுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், ‘சார், எனக்கு ராகமெல்லாம் தெரியாது, நான் சும்மா கேட்டுட்டுப் போறேனே’ என்றாள். ‘தெரிய வேண்டாம்மா. உனக்கு எங்க சிலிர்த்துச்சுன்னு மட்டும் சொல்லு’ என்றேன். கொஞ்சம் யோசித்து, ‘அந்தக் குரல் மேல ஏறிட்டு, இறங்காம அங்கேயே நின்னுச்சே, அங்க’ என்றாள். தார ஸ்தாயி காந்தாரத்தில், அதாவது மேல் ஸ்தாயியின் ‘க’ ஸ்வரத்தில், நின்ற இடம் அது. ராகம் அறிந்தவர் அதற்குப் பிறகு விளக்கியபோது எல்லோருக்குமே புரிந்தது. முதலில் கேட்ட இடம், அப்புறம் அதன் பெயர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

‘இதைவிட அவர் பாடியது நல்லா இருக்கும்’ என்ற ஒப்பீட்டையும் அன்றைக்குத் தள்ளி வையுங்கள். அந்த இன்னொரு பதிவை அடுத்த மாதம் அவரே கொண்டுவரட்டும்.

12. தட்டோ கேசட்டோ வந்தால்

தாத்தாவின் இசைத்தட்டைக் கட்டிக்கொண்டு யாராவது வருவார்கள். மகிழ்ச்சிதான், ஆனால் முன்பே சொல்லச் சொல்லுங்கள். 78 சுற்று அரக்குத் தட்டின் கோடு அகலம். எல்.பி. தட்டுக்கான ஊசியை அதில் வைக்கக் கூடாது, அதற்கென்று தனி ஊசி வேண்டும். அரக்குத் தட்டை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் மேற்பரப்பு கெட்டுவிடும். சென்னைப் புழுக்கத்தில் கேசட் நாடா பூசணம் பிடித்திருக்கும். வெள்ளையாகத் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

13. நோட்டுப் புத்தகம்

எல்லோரும் கிளம்பிய பிறகு, அன்றைக்கே எழுதுங்கள். தேதி, யார், என்ன பாட்டு, எந்தப் பதிவு, எத்தனையாவது நிமிடத்தில் யாருடைய காது நின்றது. மறுநாள் லிங்குகளைக் குழுவில் போட்டுவிடுங்கள்.

கடைசியில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த கூடல் தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடம் அதற்குத்தான்: போன மாதம் கேட்டதில் எதை, யார், வீட்டுக்குப் போய்த் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்? அந்தப் பெயர்களை அங்கே எழுதுங்கள். வங்கி ஊழியரின் தில்லானாவுக்கு நேராக எங்கள் நோட்டில் நாலு பெயர் இருக்கிறது. அதில் ஒன்று கீழ் வீட்டு மாமியுடையது.